அப்பாவின் தொட்டி

ஐயா,

தைவானில் ஐ.டி.ஆர்.ஐ. என்ற அரசு ஆய்வகம் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தைப் பெற்றெடுத்தது. நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எழுபது ஆண்டுகளில் அப்படி எதைப் பெற்றது? வரிப்பணம் வீண் என்றே தோன்றுகிறது. நான் எம்.டெக். முடித்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வகத்தில் சேர்வதா, சொந்தமாக பாட்டரி நிறுவனம் தொடங்குவதா?

குமரவேல், திருச்சி

அன்புள்ள குமரவேல்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணை ஒழித்தேன். அப்பாவின் அக்ரிலிக் தொட்டி கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும், ஒரு சுவர் மட்டும் சாய்ந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் 'எதைப் பெற்றது' என்ற வரியைப் படித்தேன். கோபம் வந்தது.

தைவானைப் பாதி படித்துவிட்டு உதாரணம் காட்டாதீர்கள். ஐ.டி.ஆர்.ஐ. தொடங்கியது 1973இல். 1976இல் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்திடம் சிப் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கி, இளம் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிக் கற்றுவரச் செய்தார்கள். யு.எம்.சி. என்ற சிப் நிறுவனம் பிரிந்து வந்தது 1980இல், டி.எஸ்.எம்.சி. 1987இல். ஆகப் பதினான்கு ஆண்டுகள். டி.எஸ்.எம்.சி.யின் தொடக்க முதலீட்டில் ஏறக்குறைய பாதி அரசுப் பணம், கால் பங்குக்கு மேல் பிலிப்ஸ். இங்கே மூன்றாம் ஆண்டே 'என்ன கிழித்தீர்கள்' என்று கேட்போம்.

இனி காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இதெல்லாம் கல்வெட்டிலேயே இருக்கும். கல்வெட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

கோவையில் அப்பாவுக்கு நிக்கல் முலாம் பட்டறை. ஒரு கோடையில் சைக்கிள் ஹேண்டில்பார்களில் முலாம் வெங்காயத் தோல் போல உரிந்தது. சரக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. வேலையாட்கள் கண்ணேறு என்றார்கள். அப்பா பச்சை நிறத் தொட்டித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினார். துணைக்கு நான்.

ஆய்வகத்தில் ஒருவர் அதில் 267 மில்லி அளந்து இந்த மாதிரி ஒரு சாய்ந்த தொட்டியில் ஊற்றினார். அதன் பெயர் ஹல் செல். பித்தளைத் தகடு ஒன்றை உள்ளே நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினார். சில நிமிடம் கழித்து எடுத்துக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஒரு ஓரம் கருகியிருந்தது, நடுவில் கண்ணாடி போலப் பளபளப்பு, மறு ஓரம் மங்கல். மின்சாரம் கூடும் இடம் முதல் குறையும் இடம் வரை முலாம் எப்படிப் படிகிறது என்பதை ஒரே தகட்டில் காட்டிவிடுமாம். "தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறது. கரித்தூள் போட்டு வடிகட்டுங்கள்," என்றார். அவ்வளவுதான்.

அப்பா ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இந்தத் தொட்டியைச் செய்தார். வாரம் ஒரு தகடு. எங்களிடம் வேலை பார்த்த மூன்று பேர் அதைக் கற்றுக்கொண்டு, விலகிப்போய்த் தனித்தனியே பட்டறை போட்டார்கள். அப்பா ஒரு மாதம் திட்டித் தீர்த்தார். பிறகு, அவர்கள் தொட்டியில் சிக்கல் என்றால் தகட்டைக் கொண்டுவரச் சொல்லித் தானே பார்த்துச் சொன்னார்.

இந்த மூன்று பட்டறைகள் எந்த அறிக்கையில் வரும், சொல்லுங்கள். காப்புரிமை இல்லை, உரிமத்தொகை இல்லை, ஸ்டார்ட்அப் என்ற பெயர்கூட இல்லை. பெற்றது என்ன என்று எண்ணுகிறவர்கள் பெயர்ப்பலகைகளை மட்டும் எண்ணுகிறார்கள். கைமாறிய வித்தையை எண்ண அவர்களிடம் கட்டம் இல்லை. (எங்கள் கழிவுநீர் எங்கே போனது என்று கேட்டுவிடாதீர்கள். சாக்கடைக்குத்தான். அதற்கும் காரைக்குடியில் யோசனை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.)

வரிப்பணம் பற்றிய உங்கள் வரிக்கு இதற்கு மேல் பதில் இல்லை. சோம்பேறிகள் அங்கும் உண்டு, தனியாரிடமும் உண்டு.

சேர்வதா, தொடங்குவதா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? உங்கள் பாட்டரி எந்த இடத்தில் கெடுகிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, தம்பி. அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள். தெரியவில்லை என்றால் அந்த பாட்டரி செல்லை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போங்கள். லித்தியம் பாட்டரிக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள்.