கல்யாணமான மகளுக்குக் கருணை வேலை உண்டா? – கேள்வி பதில்

(தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் பணியமைப்புப் பிரிவில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன். கருணை வேலை என்பது பணியில் இருக்கும்போதே இறந்த அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குத் தரும் வேலை.)

கேள்வி: சார், அப்பா டிரைவரா இருந்தார். பணியில் இருக்கும்போதே போன வருஷம் தவறிட்டார். நான் கல்யாணம் ஆகியும் அம்மாகூடத்தான் இருக்கேன். "கட்டிக் கொடுத்த பொண்ணுக்குக் கிடையாது"ன்னு மனுவைத் திருப்பித் தந்துட்டாங்க.

பதில்: வாயால சொன்ன பதிலை வாங்கிட்டு வராதீங்கம்மா. தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்க. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போயிருக்கணும். நிராகரிச்சா எழுத்தில் கேளுங்க; அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாம்.

கல்யாணம் மட்டுமே தடையாகாது. அந்தந்த மாநிலக் கருணை வேலை விதியில் மகளுக்கு முன்னால இருந்த "திருமணமாகாத" என்ற சொல்லை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-லும், கர்நாடக உயர் நீதிமன்றம் 2020-லும் ரத்து செய்தன. இதே மாதிரி இன்னொரு வழக்கில் கர்நாடக அரசின் மேல்முறையீட்டை 2021-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனா 2022-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், கல்யாணமான மகள் தாயின் சம்பளத்தைச் சார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது, வருஷங்களும் ஓடிவிட்டன என்று அதே உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதனால உங்க வழக்கின் உயிர் "சார்ந்திருந்தேன்" என்பதில்தான். அப்பா பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, ஒரே முகவரி, அம்மாவின் மருத்துவச் செலவு, எல்லாத்தையும் இணையுங்க.

கேள்வி: அம்மா 2009-ல் இறந்தாங்க. இப்போ போடலாமா?

பதில்: காலம் கடந்துடுச்சு. இது திடீர்னு விழுந்த குடும்பத்தைத் தூக்கிவிடும் ஏற்பாடு, பரம்பரை உரிமை இல்லைன்னு 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

கேள்வி: வங்கி வேலைக்கு?

பதில்: ஒவ்வொரு வங்கிக்கும் தனித் திட்டம். அங்கேயே கேளுங்க.

கேள்வி: கட்டிக் கொடுத்தவளுக்கு வேலை கொடுத்தா சம்பளம் மாமியார் வீட்டுக்குப் போகும். எங்கம்மாவை யார் பார்ப்பா? மகன்தானே வாரிசு?

பதில்: தம்பி, வாரிசுச் சான்றில் உங்க அக்கா பேரும் இருக்கும், எடுத்துப் பாருங்க. பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டம் மகன், மகள் இருவர் மேலயும் கடமை வைக்குது. கல்யாணமானவள்னு விலக்குக் கொடுக்கலை. கடமையில் மகள், வேலையில் வெளியாள்னா எப்படி?

ஒரு அலுவலகத்தில் நானே எழுதிய குறிப்பு இன்னும் உறுத்துது: "மனுதாரர் திருமணமானவர், நிராகரிக்கலாம்." அன்னைக்கு அந்தப் பொண்ணு அம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்திருந்தா. கூடையில் சாப்பாடு, மாத்திரை அட்டை. மகனும் கல்யாணமானவர்தான், வேற ஊர்ல. அவர் மனு போட்டிருந்தா கல்யாணத்தைப் பத்தி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

கேள்வி: மகன் வேற சார்.

பதில்: சம்பளம் அம்மாவுக்குச் சேரணும்ங்கிற கவலை நியாயம். பராமரிப்பு உறுதிமொழி வாங்கட்டும். மகன்கிட்டயும் வாங்கட்டும்.

கேள்வி: கல்யாணமான மகள் மனு போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க. மூன்று ஆண்டு. தேதி முத்திரை.

கேள்வி: தம்பி வேலைக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துக் கேட்கிறாங்க. போடலாமா?

பதில்: விருப்பம் இருந்தா போடுங்க, முழுசாப் படிச்சிட்டு. வேலைக்கு மட்டும் ஆட்சேபணை இல்லைன்னு இருக்கணும். வீடு, நிலம்னு ஒரு வார்த்தை சேர்ந்திருந்தாலும் கையெழுத்து வேண்டாம்மா.