எதிரே பார்த்து நடக்கலாம், எதிரே பார்த்து ஓட்டலாமா?

லாரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வேலை முடிந்தால் நானும் சைக்கிள்காரன்தான். நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் கேட்டவற்றில் சில:

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்கச் சொல்கிறார்கள். சைக்கிளையும் எதிர்த்திசையில் ஓட்டினால் பாதுகாப்புதானே?

இல்லை. நடப்பவர் சட்டென்று நிற்பார், ஓரடி ஒதுங்குவார். சைக்கிளால் அது முடியாது. நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர், கார் 50 என்று வையுங்கள். ஒரே திசையில் போனால் கார் உங்களை 30 வேகத்தில் நெருங்கும். எதிரெதிரே என்றால் 70. அதைவிட, பக்கத் தெருவிலிருந்து பெரிய சாலையில் ஏறுகிறவர் வண்டி வரும் பக்கம் பார்த்தபடிதான் ஏறுவார். நீங்கள் அவர் முதுகுப் பக்கமிருந்து வருகிறீர்கள்.

1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே இதைப் பிரித்துச் சொல்கிறது: சாலையில் நடப்பவர் எதிர்ப்பக்கம் நடக்கலாம், ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் வண்டிகள் போகும் பக்கமே போக வேண்டும்.

நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை மனிதன் சிமிட்டத் தொடங்கினால் ஓடவா?

ஓட வேண்டாம். பொதுவாக அதற்குப் பொருள், புதிதாக இறங்காதீர்கள் என்பதுதான். பாதி வழியில் இருப்பவர் நடந்தே முடிக்கலாம். ஆனால் ஒன்று: பல சந்திப்புகளில் உங்களுக்குப் பச்சை எரியும்போதே திரும்புகிற வண்டிகளுக்கும் பச்சை இருக்கும்.

ஜீப்ரா கிராசிங்கில் ஒரு கார் நின்றது, ஓட்டுநர் கையும் காட்டினார். கடக்கலாம்தானே?

அவர் முன்னால் வரை கடக்கலாம். அவர் காட்டிய கை அவருடைய தடத்துக்கு மட்டும்தான். அடுத்த தடத்தில் வருகிறவருக்கு நின்ற கார் தெரியும். அதன் மறைவில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஏன் நிற்கிறது என்று யோசிக்காமல் தாண்டிப் போவார். அதனால் நின்ற காரின் விளிம்பு வரை போய், நின்று, தலையை நீட்டிப் பாருங்கள். குழந்தையைக் கைபிடித்து நடத்திப் போனால் இன்னும் கவனம். குழந்தையின் தலை பானெட்டுக்கு மேலே தெரியாது.

சிக்னலில் நிற்கும் லாரியின் ஓரமாகப் புகுந்து முன்னால் போகலாமா?

இந்த ஒன்றுக்கு மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். பயிற்சியில் ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, அவருக்கு எதிர்ப்பக்கக் கதவின் கீழே இரண்டு சைக்கிள்களை நிறுத்தினேன். "ஒன்றுமே இல்லையே" என்றார். இறங்கி வந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

தெரியாதது பாதிக் கதைதான். லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, மூலையை அறுத்துக்கொண்டு உள்பக்கம் வரும். முதலில் இருந்த தாராளமான இடைவெளி நொடியில் காணாமல் போகும். நடைபாதை விளிம்பில் நின்று கடக்கக் காத்திருப்பவருக்கும் இதே ஆபத்து. ஓரடி பின்னால் நில்லுங்கள். சைக்கிளில் என்றால் லாரிக்குப் பின்னாலேயே, ஓட்டுநரின் முகம் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். உங்களுக்கு அவர் முகம் தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது.

பளிச்சென்ற மஞ்சள் சட்டை இரவுக்குப் போதுமா?

போதாது. அந்தப் பளிச் பகல் வெளிச்சத்தில்தான். இரவில் வேலை செய்வது ஹெட்லைட் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை. கணுக்காலில் கட்டுங்கள், பெடலில் ஒட்டுங்கள்; மேலும் கீழுமாக ஆடுவதைக் கண்டதும் மனிதர் என்று புரிந்துவிடும். அப்புறம், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மாற்றிப் போட்டால் நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்றே தெரியாது.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டலாமா?

ஒரு கதவு முழுதாகத் திறக்கும் அளவுக்கு, 1 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியே போங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். காரில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: கதவுக்குத் தூரத்தில் இருக்கிற கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண்ணும் கூடவே பின்னால் போகும்.