ஐயாவின் சலங்கையை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) 91 வயதில் போய்ச் சேர்ந்தார். ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற படையில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவர், 1965, 1971 இரண்டு சண்டையும் பார்த்தவர். ஊரோடு வந்தபிறகு ஒயிலாட்டம்தான் அவருக்கு உயிர். 85 வயது வரை திருவிழாவில் சலங்கை கட்டினார். தலைத்திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம். “பட்டாளத்துக்காரர்னு மட்டும் போடு, ஆட்டம் பாட்டம்னு எழுதி அவர் மரியாதையைக் கெடுத்துடாதே” என்கிறார் பெரியப்பா. அப்பத்தாவுக்கு 86 வயது, அவருக்குப் பென்ஷன் மாற்றும் வேலையும் அப்படியே நிற்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, காரைக்குடி அருகே ஒரு கிராமம்

பதில்: எழுதுங்கள் அம்மா, முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பெரியப்பா மேல் வருத்தப்பட வேண்டாம், யூனிபார்மில் விறைப்பாக நிற்கிற அந்தப் போட்டோதான் தன் அப்பா என்று ஊர் பார்க்கட்டும் என நினைக்கிறார், அதுவும் பாசம்தான். ஆனால் அது பாதி மனிதர்.

எங்கள் தெருவிலும் இப்படி ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்தார். திருவிழா அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, கணுக்காலில் முதலில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றுவார், ஒரு சுற்றின் மேல் பாதி அடுத்த சுற்று ஏறுகிற மாதிரி, ஒரு சுருக்கம் இருக்காது. அந்தக் காலத்தில் பட்டாளத்தில் காலுக்குத் துணிப்பட்டி சுற்றுவார்களே, அதே சுற்று. அதன்மேல் சலங்கை. முடிச்சு வெளிப்பக்கமாக வரவேண்டும், உள்பக்கம் வந்தால் அடுத்த காலில் உரசும் என்பார். அப்புறம் எழுந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரண்டே மிதி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அந்த இரண்டு மிதிக்காகவே நாங்கள் பிள்ளைகள் எல்லாம் காத்துக்கிடப்போம். இளவட்டங்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும்போது ‘வலது பக்கம் திரும்பு’ என்பது அவர் வாயில் வராது, பட்டாளத்து இந்தியில் ‘தைனே முட்’ என்பார், பையன்களும் அதற்கே பழகிவிட்டார்கள்.

இதில் மரியாதை எங்கே கெடுகிறது? ஒயிலில் வரிசையாகப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், கையில் வண்ணத்துணி, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற ஏற எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், ஒருவர் கால் பிந்தினாலும் வரிசை முழுக்க அசிங்கமாகிவிடும். அணிவகுப்பு மைதானத்தில் கற்றுக்கொண்டதும் இதுதானே.

பட்டாளத்திலும் ஆட்டம் உண்டு. பரா கானா என்று அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து இருக்கிறது, அந்த ராத்திரிகளில் பஞ்சாபிக்காரர்கள் பாங்ரா ஆட, நம் பையன்களும் இறங்கிவிடுவார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். 1780-இல் தொடங்கிய படை, மையம் பெங்களூரில் இருக்கிறது.

சாப்பர் வேலை என்ன என்பதையும் மலரில் இரண்டு வரி எழுதுங்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பாலம் போடுவது, பாதை அமைப்பது, மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் யோசிக்கிற வேலை அது. அந்தப் படையில் 20 வருஷம் இருந்த கால், ஊர் மந்தையில் சலங்கை கட்டிக்கொண்டு பயமில்லாமல் ஓங்கி மிதித்திருக்கிறது. எனக்கு உங்கள் ஐயாவின் வாழ்க்கை முழுவதும் அதில் தெரிகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதவே முடியாது என்றுதான் சொல்வேன்.

விவரத்துக்கு அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பாருங்கள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, மெடல் எல்லாம் இருக்கும். பூர்வி ஸ்டார் என்ற மெடல் இருந்தால் 1971-இல் கிழக்கே வங்காளப் பக்கம் இருந்திருக்கிறார், பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கே. ஆட்டத்துக்கு ஆவணம் கிடையாது, கூட ஆடியவர்கள்தான் ஆவணம். அவர்களைப் போய்ப் பாருங்கள். வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்பார், எந்தப் பாட்டுக்கு வேகம் கூட்டுவார், துணி என்ன கலர் என்று கேட்டு போனில் பதிந்துகொள்ளுங்கள். அப்பத்தாவையும் கேளுங்கள், சண்டை முடிந்து வந்த வருஷம் திருவிழாவில் ஆடினாரா என்று.

பென்ஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், பிபிஓ (ஐயாவின் பென்ஷன் உத்தரவு), அப்பத்தாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வழி சொல்வார்கள். குடும்பப் பென்ஷனில் 80 வயது முடிந்தால் 20 சதவீதம், 85 முடிந்தால் 30 சதவீதம் அடிப்படைத் தொகைக்கு மேல் கூடுதலாக உண்டு. அதற்கு அப்பத்தாவின் பிறந்த தேதி பதிவேட்டில் சரியாக இருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

சலங்கையைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். மெடலுக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு போட்டோ எடுத்து மலரின் அட்டையில் போடுங்கள். பெரியப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள், ஐயா ஆடிய பாட்டுகளின் வரிகளை அவர்தான் எழுதித் தரவேண்டும் என்று. விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டவர், ஒரு வரி விடாமல் அவருக்குத் தெரியும்.