கழுவக் கழுவ மங்கும் ஒளி

கேள்வி: குவாண்டம் டாட் டிவியில் இருக்கும் நானோ துகளின் மேற்பரப்பில் குறை இருந்தால் ஒளி வராது என்கிறாள், வேதியியல் படிக்கும் என் மகள். கண்ணுக்கே தெரியாத துகளுக்கு மேற்பரப்பில் என்ன குறை, சார்? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான் அம்மா. நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது காட்மியம் செலினைடு என்ற குறைக்கடத்தியில் (ஓரளவு மட்டும் மின்சாரம் கடத்தும் பொருள்) அந்த மாதிரி துகள்கள் செய்தேன்; அவைதான் குவாண்டம் டாட். புற ஊதா விளக்கில் குப்பி ஆரஞ்சாக ஜொலித்தது. இன்னும் சுத்தமாகட்டும் என்று மெத்தனால் ஊற்றி நான்கு தடவை கழுவினேன். மறுபடி விளக்கைப் பிடித்தால் பாதி வெளிச்சம் இல்லை. அழுக்கோடு சேர்த்துத் துகளின் மேலாடையையும் உருவிவிட்டிருந்தேன்.

3 நானோமீட்டர் துகளில் சில நூறு அணுக்கள்தான் இருக்கும். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிப்புறத்தில். உள்ளே இருக்கும் அணுவுக்கு நான்கு பக்கமும் துணை உண்டு. விளிம்பில் இருப்பதற்கோ ஒரு கை பிடிப்பில்லாமல் தொங்கும். ஒளி பட்டு எழுந்த எலக்ட்ரானோ, அது விட்டுவந்த காலியிடமான துளையோ அங்கே சிக்கிக்கொண்டால், ஒளியாக வரவேண்டிய ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும். அந்தத் தொங்கும் கைதான் குறை. நீண்ட வால் கொண்ட அமைன் (நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்) போன்ற மூலக்கூறுகள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்; நான் உருவிய மேலாடை அவைதான். ஆனால் பிடி தளர்வானது. என் குப்பியில் கொஞ்சம் அமைன் சேர்த்ததும் ஒளி ஓரளவு திரும்பியது.

உறுதியான வழி, வேறொரு குறைக்கடத்தியால் ஓடு போடுவது. 1996இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ், கியோ-சியோனெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் காட்மியம் செலினைடு துகளுக்குத் துத்தநாக சல்ஃபைடு ஓடு போட்டார்கள். துகள் உறிஞ்சும் ஒளியில் பாதி திரும்ப ஒளியாகவே வந்தது, அதுவும் அறை வெப்பநிலையில். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் ஓட்டின் அணு இடைவெளி உள்துகளோடு ஏறக்குறைய 12 சதவீதம் ஒத்துப்போகாது. தடிமனாகப் போட்டால் ஓடே இழுபட்டு, புதுக் குறைகள் பிறக்கும். அதனால் நடுவில் இடைப்பட்ட அளவுள்ள இன்னொரு பொருளை வைப்பார்கள்.

காட்மியம் நஞ்சு என்பதால் இப்போது பல டிவிகளில் இண்டியம் பாஸ்பைடு வருகிறது. அதன் மேற்பரப்பு சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடையும். அதைப் பக்குவப்படுத்துவது இன்னும் சிரமம்.

மகள் ஆய்வகத்தில் இதைச் செய்வதாக இருந்தால், ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் குப்பியை விளக்கில் பார்த்து நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அப்புறம், முதல் குப்பியில் கொஞ்சத்தைக் கழுவாமல் தனியே எடுத்துவைக்கட்டும்.