கொழும்பில் எங்கே தங்குவது? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கிளினிக், கடவுச்சீட்டு, கல்யாணச் சாமான், விமானம் என்று திருகோணமலை மாவட்டத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் கேட்டவை இவை. வாடகைத் தொகை எதுவும் எழுதவில்லை. ஒரே அறைக்கு வெள்ளிக்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை இன்னொரு விலை சொல்வார்கள். பேசித்தான் எடுக்க வேண்டும்.

உவர்மலையிலிருந்து: அண்ணா, முதல் தடவையா குடும்பத்தோட நாலு நாள் கொழும்பு போறம். எல்லாரும் வெள்ளவத்தை எண்டுதான் சொல்லுறாங்க. யோசிக்காம அங்கயே ரூம் போடலாமா?

போடலாம். ஆனால் யோசித்துப் போடுங்கள். கொழும்பு கடலோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். நீளவாட்டில் போய்வருவது லேசு: காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓயாமல் ஓடுகின்றன, கரையோர ரயிலும் இருக்கிறது. கடற்பக்கமிருந்து குறுக்கே உள்ளுக்குப் போவதுதான் பாடு. பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்குகிற நேரத்தில் பொரளை, ராஜகிரிய பக்கம் போகப் புறப்பட்டால் அரை நாள் போய்விடும். ஆகவே எங்கட ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கமுதல், முதல் நாள் காலையில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று பாருங்கள். அந்த வாசலுக்கு மாறாமல் ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடத்தில் தங்குங்கள்.

உங்களுக்குச் சுற்றிப் பார்ப்பதுதான் வேலை என்றால் வெள்ளவத்தை சரியான தெரிவு. காலி முகத்திடலுக்கு ஒரு பஸ், புறக்கோட்டைக்கும் அதே பஸ், தெஹிவளை மிருகக்காட்சிசாலை பக்கத்தில். இடியப்பமும் தோசையும் தேடி அலைய வேண்டியதில்லை. கடைக்காரரோடும் ஓட்டோக்காரரோடும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

வெள்ளவத்தைக்குள்ளேயும் இடம் பார்க்க வேண்டும். காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள ஒழுங்கைகள் மரைன் டிரைவில் போய் முடியும். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம். படத்தில் கடல் தெரிகிற அறை என்றால் ரயில் சத்தமும் அதோடு சேர்ந்தே வரும். முதல் வண்டி விடியவே போகத் தொடங்கும். சின்னப் பிள்ளை இருந்தால் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில், ஒழுங்கையின் நடுப்பகுதியில் அறை பாருங்கள். இரண்டு பக்கச் சத்தமும் குறையும். மற்றப் பக்கம், அதாவது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கம், கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் மழைக்குச் சில ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். நமக்குச் சோளகம் வீசிக் காய்கிற மே, ஜூன் மாதங்களில் கொழும்புக்கு மழை, அதை மறந்து போகிறவர்கள் அதிகம்.

பாலையூற்றிலிருந்து: இரவு ரயில்ல போனா விடியமுன்னம் கோட்டையில இறக்கிவிடும். ரூம் பகல் ரெண்டு மணிக்குத்தான் தருவமெண்டு சொல்லுறாங்க. அதுவரைக்கும் என்ன செய்யிறது?

பதிவு செய்யும்போதே பேச வேண்டிய விஷயம் இது. போய் நின்றுகொண்டு கேட்டால் முழு நாள் காசு கேட்பார்கள். தொலைபேசியில், "காலை ஆறு மணிக்கு வருவோம், முந்தின இரவு அந்த அறை வெறுமையா இருந்தா திறந்துவிடுவீங்களா, அதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். சின்ன இடங்களில் பெரும்பாலும் அரை நாள் காசோடு ஒத்துக்கொள்வார்கள். சொன்னதை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள், காலையில் நிற்கும் பொடியனுக்கு அந்தக் கதையே தெரிந்திருக்காது. அறை கிடைக்காவிட்டாலும் பையை வைத்து, முகம் கழுவ இடம் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டோடு கோட்டை நிலையத்துக்கு வெளியே வந்து ஓட்டோ பேசவேண்டாம். பிக்மீ, ஊபர் செயலிகளில் வாகனம் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே இருந்து முதல் கரையோர ரயிலைப் பிடியுங்கள். கோட்டையை விட்டால் செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று வரிசையாக வரும். வேகமாகப் போகிற வண்டிகள் இவற்றில் சிலவற்றில் நிற்காது. மேடையில் ஏறமுதல் கேளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: உம்மாவுக்கு பெரியாஸ்பத்திரியில கிளினிக். காலையில ஏழு மணிக்கு முன்னம் நிக்கச் சொல்லி இருக்காங்க. பள்ளிவாசலும் சாப்பாடும் கிட்ட இருக்கணும்.

மருதானை அல்லது பொரளைப் பக்கம் பாருங்கள் தம்பி. தேசிய வைத்தியசாலை கொழும்பு 10இல் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து வருகிற ரயில் கோட்டைக்கு முன்னமே மருதானையைத் தொடும். அங்கேயே இறங்கினால் ஓட்டோவில் சில நிமிடம்தான். கோட்டைவரை போய்த் திரும்பி வருகிற வேலையை உம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். ஸாஹிராக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே மருதானைப் பள்ளிவாசல், அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஹலால் சாப்பாட்டுக்கு யோசிக்கவே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: மருதானை நிலையத்துக்கு எதிரிலும் அண்டிய தெருக்களிலும் உள்ள சில லொட்ஜுகள் மணித்தியால வாடகைக்கு ஓடுபவை. தொலைபேசியில் "எத்தனை மணித்தியாலத்துக்கு?" என்று அவர்களே முதலில் கேட்டால் அந்த இடத்தை விடுங்கள். ரீஜன்ட் வீதி, வார்ட் பிளேஸ், புஞ்சி பொரளைப் பக்கம் நோயாளரோடு வருகிறவர்களுக்கு அறை விடுகிற வீடுகள் இருக்கின்றன. கீழ்த்தளமா, குளியலறை அறையோடு சேர்ந்ததா, கொமட் இருக்கிறதா: இந்த மூன்றையும் கேளுங்கள். முழங்கால் நோகிறவரைக் குந்துகிற மலசலகூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அறை மாறத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து.

பிள்ளைக்கு ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை என்றால் பொரளை. கண் ஆஸ்பத்திரிக்கும் இதே சுற்றுவட்டாரம் போதும். லங்கா ஹொஸ்பிட்டல், கிருல வீதி ஆசிரி என்று தனியார் பக்கம் போகிறவர்களுக்கு நாரஹேன்பிட்டி. அவர்கள் மட்டும் வெள்ளவத்தையில் தங்கினாலும் பிழையில்லை, 141 பஸ் வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு நேராகப் போகிறது.

தம்பலகாமத்திலிருந்து: அப்பாவுக்கு மஹரகமவில ரேடியேஷன் தொடங்கப் போகுது. வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீடு இருக்கு. அங்க இருந்து போய்வரலாமா?

முதல் இரண்டு நாள் போய்வரலாம், பிறகு அப்பாவால் இயலாது. ரேடியேஷன் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளிவரை தினமும், வாரக்கணக்கில் நடக்கும். நாளாக ஆகக் களைப்பு கூடும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்குப் போய் அங்கே 119 ஏற வேண்டும். இருக்க இடம் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

மஹரகமவிலேயே, அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு நடக்கக்கூடிய தூரத்தில், நாள் வாடகைக்கு அல்லாமல் மாத வாடகைக்கு அறை பேசுங்கள். சமைக்க விடுவார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் சிகிச்சைக் காலத்தில் காரமில்லாத சாப்பாடு தேவைப்படும், கடையில் அது கிடைக்காது. வைத்தியசாலையில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, தூர மாவட்டத்தவர் தங்க எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். வாசலில் நிற்கிற தரகரிடம் போகமுதல் இதைச் செய்யுங்கள். அங்கே சிங்களம்தான் பேச்சு. சிங்களம் தெரிந்த ஒருவர் முதல் வாரம் கூட நின்றால் நல்லது. மஹரகம கிடைக்காவிட்டால் ஹைலெவல் வீதியில் நுகேகொடை, தெல்கந்தை. புறக்கோட்டையிலிருந்து வருகிற 138 பஸ் அந்த வழியாகத்தான் மஹரகமவுக்குப் போகிறது. வெள்ளவத்தைச் சொந்தக்காரர் சனி, ஞாயிறுக்கு.

மூதூரிலிருந்து: பாஸ்போட் எடுக்க பத்தரமுல்லைக்குப் போகணும். எங்க தங்குறது?

கொழும்புதான் போக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து வவுனியா போய் அன்றைக்கே திரும்பலாம், அறையே தேவைப்படாது. பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்திலுள்ள தலைமை அலுவலகத்துக்கே போவதென்றால் பொரளையிலோ ராஜகிரியவிலோ தங்குங்கள். பொரளையிலிருந்து 171 நேராகப் போகும். காலையில் பெரிய நெரிசல் பத்தரமுல்லையிலிருந்து நகரத்துக்கு வருகிற பக்கம், நீங்கள் போவது எதிர்ப்பக்கம். ஆட்பதிவுத் திணைக்களமும் அதே கட்டடத்தில்தான், அடையாள அட்டை வேலை ஏதும் கிடந்தால் சேர்த்துக்கொண்டு போங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: தங்கச்சிக்குக் கல்யாணம். நகை, கூறைச் சீலை, பலகாரச் சாமான் எல்லாம் எடுக்கணும். அம்மா கொட்டாஞ்சேனை எண்டுறா, நான் வெள்ளவத்தை எண்டுறன்.

நகையும் மொத்தச் சாமானும் முதல் வேலை என்றால் அம்மா சொல்வதுதான் சரி அக்கா. கொட்டாஞ்சேனையிலிருந்து நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவுக்கு நடந்தே போகலாம், ஓட்டோவில் ஐந்து பத்து நிமிடம். நகை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் காலி வீதி முழுக்கப் போகிற பயமும் இல்லை. காலையில் பொன்னம்பலவாணேசர் கோவிலில் கும்பிட்டுவிட்டுக் கடை திறக்கப் போய்ச் சேரலாம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த கோவில் அது, தூண்களைப் பார்க்கவே ஒரு மணித்தியாலம் வேண்டும். சீலைக்குப் புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு நாள். பிடிக்காவிட்டால் கடைசி நாள் வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போய்வரலாம்.

நாள் பார்த்துப் போங்கள். ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. புறக்கோட்டை பின்னேரம் ஆறு மணியோடு அடங்கிவிடும், அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் சாமானோடு நிற்கவேண்டாம். தங்குவதற்குப் புறக்கோட்டையே வேண்டாம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். அதை அண்டிய நாட்களில் கொட்டாஞ்சேனையில் அறையும் கிடைக்காது, வாகனமும் அசையாது.

நிலாவெளியிலிருந்து: மகன் கட்டாருக்குப் போறார், அதிகாலை ஃபிளைட். கொழும்பில ஒரு இரவு நிக்கணுமா?

வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கும் மேல். கொழும்புக்குள் போனால் திரும்பவும் வடக்கே வர வேண்டியிருக்கும். நீர்கொழும்பு அல்லது சீதுவையில் தங்குங்கள். குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ் பிடித்தால் கொழும்பைத் தொடாமலே போய்விடலாம். விமான நிலையத்துக்கு இரவு இரண்டு மணிக்கு வாகனம் தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்று அறைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கனவே கோட்டையில் நிற்கிறவர்களுக்கு 187 பஸ்.

அன்புவழிபுரத்திலிருந்து: அண்ணா, கொழும்புப் பல்கலைக்கழகத்தில ரெண்டு நாள் நேர்முகப் பரீட்சை. தனியாத்தான் போறன்.

பம்பலப்பிட்டி, தங்கச்சி. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள தும்முல்லைச் சந்திக்கு நடக்கலாம், 154, 155 பஸ்களும் அந்த வழியால் போகும். காலி வீதியிலிருந்து இரண்டு மூன்று வீட்டுக்குள் உள்ள, வரவேற்பில் இரவிலும் ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள். ஒழுங்கையின் அந்தலையில் எடுக்கவேண்டாம். கொள்ளுப்பிட்டியில் அறை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே காலி வீதி கோட்டைப் பக்கம் போக, டூப்ளிகேசன் வீதி தெற்கே வர, இரண்டும் ஒருவழி. வெள்ளவத்தைப் பக்கப் பஸ்ஸுக்குக் காலி வீதியில் காத்து நின்றால் வரவே வராது.

திருக்கடலூரிலிருந்து: லொட்ஜ் எண்டாலே அப்பா பயப்படுறார். பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை எல்லாம் இப்பவும் இருக்கா எண்டு கேக்கச் சொன்னார்.

அப்பாவின் பயம் காரணமில்லாத பயமல்ல. 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள், மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்தக் காலத்துப் பதிவு முறை இப்போது இல்லை. எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்து, புத்தகத்தில் எழுதுவார்கள் அல்லது பிரதி எடுப்பார்கள். மூல அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள், பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.

குச்சவெளியிலிருந்து: பன்னிரண்டு பேர், வான்ல வாறம். ரூமை விட வெள்ளவத்தையில அனெக்ஸ் ஒண்டு எடுத்தா மலிவாமே?

அனெக்ஸ் என்றால் சமையலறையோடு தனியாக வாடகைக்கு விடுகிற வீட்டுப் பகுதி. பன்னிரண்டு பேருக்கு மலிவுதான், கேட்க வேண்டியதைக் கேட்டு எடுத்தால். எத்தனையாம் மாடி, லிஃப்ட் இருக்கிறதா, கரண்ட் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா? ஏஸிக்கு யூனிட் கணக்கில் தனிக் காசா? காஸ் சிலிண்டர் யாருடையது? குளியலறை எத்தனை? பன்னிரண்டு பேருக்கு ஒன்று என்றால் காலையில் சண்டைதான். முற்பணம் திரும்பத் தருவார்களா, எந்த நாளில்? ஆட்தொகையைக் குறைத்துச் சொல்லி எடுத்துவிட்டுப் பிறகு கூட்டமாகப் போய் இறங்காதீர்கள், காவலாளி வாசலிலேயே மறிப்பார்.

வானுக்கு இடம் இருக்கிறதா என்பதற்கு "இருக்கு" என்ற பதில் போதாது. அது கார் நிற்கிற இடமாக இருக்கும். உயரக் கூரை வான் அடுக்குமாடிக் கீழ்த்தளத்துக்குள் போகாது, ஒழுங்கையில் விட்டால் அயல்வீட்டுக்காரர் படலை திறக்க முடியாமல் இரவில் எழுப்புவார். வானின் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள், நிறுத்தப் போகிற இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் சாரதிக்குத் தெஹிவளையில் தனியாக அறையும் வான் விட முற்றமும் பார்த்துக் கொடுங்கள், காலையில் அவர் வந்து ஏற்றிக்கொள்வார்.