புண் வராத முதுகு

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். பெரும்பாலும் நைட் டியூட்டியில், இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே, ட்ரிப் மாற்றும் இடைவெளியில். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஆறு வருடம் ஆகிறது, கையில் வருவது 14,000. ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை நாற்பது படுக்கைக்கு நானும் ஒரு ஆயாவும். ட்ரிப் இறங்கவில்லை என்றால் நோயாளியின் மகன் அடிக்க வருகிறான். அதே நோயாளி குணமாகிப் போகும்போது டாக்டருக்கு மாம்பழக் கூடை வருகிறது. 'ராத்திரி வேலைக்குப் போகிற பெண்' என்று மூன்று வரன்கள் தட்டிப்போயின.

சென்ற மாதம் ஓர் உரையில், பக்கவாதத்தில் விழுந்த உங்கள் அம்மாவை 'மருத்துவர்கள் ஏழு மாதம் காப்பாற்றிக் கொடுத்தார்கள்' என்றீர்கள். ஏழு மாதமும் படுக்கையில் இருந்தார் என்றும் சொன்னீர்கள். படுத்த படுக்கையாக இருந்தவரை டாக்டர் எப்படி ஏழு மாதம் காப்பாற்றினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கேள்வி வேறு. ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 நிலை முடித்துவிட்டேன். அடுத்த நிலையான பி2 எழுதினால் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம். அம்மா வேண்டாம் என்கிறார். சேவை மனப்பான்மையோடு இந்தத் துறைக்கு வந்துவிட்டு, பணத்துக்காக நம் மக்களை விட்டுப் போவது துரோகமா? நான் வெறும் நர்ஸ்தான், பெரிய விஷயங்கள் தெரியாது. உங்கள் பதில் எனக்கு முக்கியம். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நடுப்பத்தியில், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முடித்திருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்த் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த உரையைப் பலர் பாராட்டினார்கள். ஒருவருக்கும் அந்த வரி இடிக்கவில்லை. சொன்ன எனக்கே இரண்டு வாரம் கழித்துத்தான் லேசாக உறுத்த ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் திட்டிவிடுகிறேன். 'வெறும் நர்ஸ்' என்று இன்னொரு முறை எழுதினால் பதில் போடமாட்டேன். 'சேவை மனப்பான்மை' என்ற சொல்லையும் தூக்கி எறியுங்கள். அது உங்களுக்கு யாரோ போட்ட ஊசி. நீங்கள் செய்வது வேலை. மூன்றாண்டோ நாலாண்டோ படித்து, பதிவு எண் வாங்கி, தப்பு நடந்தால் பதில் சொல்லவேண்டிய வேலை. சேவை என்ற பெயரில் உங்கள் சம்பளத்தைக் குறைக்கிறவர், கட்டடத்துக்கு வந்த சிமெண்டுக்கு சேவை விலையா கொடுத்தார்?

வரன்கள் விஷயம். தப்பித்தீர்கள். அதற்குமேல் அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு இங்கே இடம் இல்லை.

அம்மாவுக்கு வருகிறேன். காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். ஒரு காலையில் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது துடுப்பு கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை, எழுதினால் பேச்சு அங்கே போய்விடும்.

இரண்டாம் நாள் ராத்திரி நான் அங்கே ஒரு நர்ஸைப் பார்த்துக் கத்தினேன். ட்ரிப் பாட்டில் தீர்ந்து, குழாயில் ரத்தம் மேலேறிக்கொண்டிருந்தது. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை. வந்ததும், 'சம்பளம் வாங்கறீங்கல்ல?' என்று கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது நியாயமானவன் என்ற நிறைவு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் ராத்திரி அம்மாவின் முதுகில் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரத்த ஓட்டம் வரும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருந்தார்.

'தேய்க்காதீங்கண்ணா.'

அதே நர்ஸ். செல்போன் டார்ச்சை அடித்து, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

'செவப்பு தெரியாதுங்கண்ணா, நம்ம தோல் கறுப்பு. பொறங்கைய வெச்சுப் பாருங்க.'

வைத்தேன். ஐந்து ரூபாய்க் காசளவு இடம் மட்டும் சுட்டது. புரளாமல் ஒரே பக்கம் படுத்திருப்பவர்களுக்கு வரும் படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. 'உள்ள இத்துட்டு வருது. தேய்ச்சீங்கன்னா இன்னும் போயிரும்.'

பிறகு சொல்லிக்கொடுத்தார். தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் தன் பக்கம் சாய்க்க வேண்டும். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், லேசாகச் சாய்ந்தால் போதும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். 'குதிகாலுக்கு அடியில ஒரு பேப்பரை விட்டா அந்தப் பக்கம் வரணும்.' விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. ஆளை மேலே நகர்த்த இரண்டு பேர் தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் போகும். இத்தனையும் பத்து நிமிடத்துக்குள். அதற்குள் நாலு பக்கமிருந்து 'சிஸ்டர்', 'சிஸ்டர்' என்று கூப்பாடு. போகும்போது சொன்னார்:

'ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பணும். நான் வருவேன்னு இருந்துடாதீங்க. என்னால வர முடியாது.'

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது திமிர் என்று நினைத்தேன். அதில் ஒரு கணக்கு இருந்தது என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின.

அந்தக் கணக்கைப் போடுவோம். நீங்கள் அறிந்ததுதான், மற்றவர்கள் படிக்கட்டும். நாற்பது படுக்கையில் தானாகப் புரள முடியாதவர் எட்டுப் பேர் என்று வையுங்கள். பன்னிரண்டு மணி நேர ராத்திரியில் ஆளுக்கு ஆறு முறை. மொத்தம் நாற்பத்தெட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றால் இருநூற்று நாற்பது நிமிடம். நான்கு மணி நேரம். அதுவும் ஒருவரால் ஆகாது, நீங்களும் ஆயாவும் சேர்ந்து. அந்த நான்கு மணி நேரமும் மற்ற முப்பத்திரண்டு படுக்கை அநாதை. இதற்குமேல் ஊசி, மாத்திரை, பிபி, சர்க்கரை, யூரின் பேக், கேஸ் ஷீட்டில் எழுத்து, புது அட்மிஷன், விடிவதற்குள் ஒரு சாவு. இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், பயிற்சி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர். உங்களுக்கு நாற்பது.

அப்படியிருந்தும் நம் ஆஸ்பத்திரிகள் ஓடுவது எப்படி? அம்மாவைத் திருப்பியது நான். பக்கத்துப் படுக்கைக்காரரைத் திருப்பியது அவர் மருமகள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் வீட்டுப் பெண்கள். பாதி நர்சிங்கை நோயாளியின் குடும்பம் சம்பளமில்லாமல் செய்வதால்தான் நாற்பதுக்கு ஒருவரை நிறுத்திவிட்டு நிர்வாகம் தூங்க முடிகிறது. ஆள் துணைக்கு இல்லாத கிழவர்களின் முதுகு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். வாசனையிலேயே தெரியும்.

சில வருடம் முன்பு, ஒரு மே 12, செவிலியர் தினம். எங்கள் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்றில் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். மாணவிகள் கையில் விளக்கு, மேடையில் கேக். தாளாளர் பேசும்போது, படுக்கைப்புண் வந்தால் அது நோயின் குற்றமில்லை, பராமரிப்பின் குற்றம் என்று, நவீன செவிலியத்துக்கு அடித்தளமிட்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலே சொல்லியிருக்கிறார் என்று விரலை ஆட்டினார். பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1859-இல் அந்த அம்மையார் எழுதியது உண்மைதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, எப்போதும் நர்ஸின் மேல் பழி என்று நான் சொல்லவில்லை, கேடுகெட்ட சுகாதார ஏற்பாடும் கட்டட அமைப்பும் நிர்வாகமும் பராமரிப்பையே நடக்கவிடாமல் செய்துவிடுகின்றன என்கிறார். தாளாளர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார். ஒன்று கவனியுங்கள், அந்தப் பெண்மணியை நாம் 'கைவிளக்கேந்திய காரிகை' என்று விளக்கோடு நிறுத்திவிட்டோம். அவர் கையில் விளக்கைவிட அதிக நேரம் இருந்தது கணக்கு நோட்டு. கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்கள் பல மடங்கு என்று படம் வரைந்து அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர். உங்கள் மேடைகளில் அந்த நோட்டை யாராவது பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்களா?

பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1973-இல் பணியிடத்திலேயே தாக்கப்பட்டுச் செயலிழந்தவர். 2015-இல் இறக்கும்வரை அங்கேயே படுக்கை. கருணைக்கொலை வழக்கு என்றுதான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. 2011 தீர்ப்பில் நீதிபதிகள் கவனித்து எழுதிய ஒன்று, அத்தனை வருடம் படுத்திருந்தும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை என்பது. பணி ஓய்வு பெற்றுப் போனவர்களும் புதிதாக வந்தவர்களும் கைமாற்றிக் கைமாற்றி அந்த உடம்பைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாற்பத்தொரு வருடத்துக்கு மேல். நாளுக்குப் பன்னிரண்டு முறை என்று வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குத் தழும்பு இருக்கிறது, மருந்துக்குச் சீட்டு இருக்கிறது. உங்கள் வேலை சரியாக நடந்தால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வெறும் தோல். அதற்கு யார் மாம்பழக் கூடை கொண்டுவருவார்கள்?

நானும் கொண்டுபோகவில்லை. டாக்டருக்குக் கொண்டுபோனேன். அவர் பெயர், படித்த கல்லூரி, அவர் மாமனார் ஊர் பாப்பாரப்பட்டி என்பதுவரை எனக்குத் தெரியும். அந்த நர்ஸின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபின் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தோம். வ, இ, ம. வலது, இடது, மல்லாந்து. பக்கத்தில் நேரம். நான், மனைவி, அக்கா மூவரும் முறை வைத்துக்கொண்டோம். அக்கா தூங்கிவிட்டுப் பொய்யாக எழுதிய நாட்கள் உண்டு, நானும்தான். ஏழு மாதம் கழித்து அம்மா போனபோது, குளிப்பாட்ட உள்ளே போன பெரியம்மா வெளியே வந்து சொன்னாள்: 'முதுகு பச்சப்புள்ள முதுகாட்டம் இருக்குதுடா.' சாவு வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. அது யாருக்குப் போய்ச் சேரவேண்டியதோ அவருக்குப் போகவில்லை. பிறகு மேடையேறி 'மருத்துவர்கள் காப்பாற்றினார்கள்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துரோகம் என்று கேட்டீர்கள் இல்லையா. மறந்தே போனேன்.

2015-இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட வந்து உட்கார்ந்தார்கள். செய்தியைப் பார்த்து நான் நினைத்தது, 'பாவம், நோயாளிகள் என்ன ஆவார்கள்?' அவர்கள் வேலையில் இருந்த நாட்களில் நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. தனியாரிலும் கதை இதுதான். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து நீங்கள் 14,000 என்று எழுதுகிறீர்கள். இதில் துரோகம் செய்தது யார் என்று என்னிடம் கேட்கிறீர்களே, அம்மா!

போங்கள். பி2 எழுதுங்கள். ஏஜென்ட் என்று வருகிறவனிடம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள், சான்றிதழ் அசலை எவன் கையிலும் கொடுக்காதீர்கள். அங்கே குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நர்ஸின் வேலைதான், துணைக்கு மருமகள் இருக்கமாட்டாள். இங்கிருந்து போகிற பலர் அதில் முகம் சுளிக்கிறார்கள் என்று கேள்வி. நீங்கள் சுளிக்காதீர்கள், திருப்புவதற்கு ஆளும் நேரமும் கிடைத்தால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் அம்மாவிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். ஆனால் என் பேச்சை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை.

படுக்கைப்புண்ணுக்கு ஜெர்மனில் டெக்குபிட்டுஸ் என்று அகராதியில் பார்த்தேன். உச்சரிப்பு சரியா?

அந்த உரை அடுத்த மாதம் எழுத்தில் வருகிறது. 'மருத்துவர்கள்' என்ற இடத்தை அடித்துவிட்டு, 'பெயர் கேட்டுக்கொள்ளாத ஒரு நர்ஸ்' என்று மாற்றியிருக்கிறேன். காணொளியில் மாற்ற வழியில்லை. அதற்குக் கீழே இந்தக் கடிதத்தை இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.