மலைப்பாதையில் வாந்தி: யாருக்கு மாத்திரை, எப்போது?

கேள்வி: மே விடுமுறையில் திருச்சியிலிருந்து காரில் வால்பாறை போகிறோம், டாக்டர். மகளுக்கு 7 வயது, எடை 20 கிலோ. மலை ஏறினாலே வாந்திதான். போன தடவை வாந்தி ஆரம்பித்த பிறகு மருந்துக்கடையில் ஆன்டன்செட்ரான் வாங்கிக் கொடுத்தோம், நிற்கவில்லை. மகனுக்கு ஒன்றரை வயது, 10 கிலோ. இருவருக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: மகளுக்குக் கொடுக்கலாம். மகனுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆன்டன்செட்ரான் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு நல்ல மருந்து. பயண வாந்தி கிளம்புவது வயிற்றிலிருந்து அல்ல, உள்காதிலிருந்து. கார் வளைவதை உள்காது உணர்கிறது. மடியில் இருக்கும் செல்போனைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இப்படி வரும் குமட்டலில் ஆன்டன்செட்ரானுக்குப் பெரிய வேலை இல்லை.

வேலை செய்வது புரோமெதசின் வகை. கடைகளில் அவோமின் என்று கிடைக்கும். 5 முதல் 10 வயது வரை 12.5 மில்லிகிராம், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. மலைப்பாதை தொடங்குவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். உங்களுக்கு மலை தொடங்குவது ஆழியாறில், அதனால் அதைக் கணக்கிட்டு வழியிலேயே கொடுங்கள். குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பும் அழுகையும் வரும். சளி சிரப்பையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், மயக்கம் கூடும். வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

2 வயதுக்குள் புரோமெதசின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். அந்த வயதில் பயண வாந்தி வருவதும் அபூர்வம். கால் மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள். கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து முகரவைக்கும் பழக்கமும் வேண்டாம். அது குழந்தையின் வாய்க்குள் போனால் வலிப்பு வரும்.

மாத்திரையைவிட உட்காரும் விதம் முக்கியம். மகளுக்குப் பின்சீட்டில் பூஸ்டர் சீட் போட்டு பெல்ட் மாட்டுங்கள். உயரம் கூடுவதால் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும், கண்ணும் காதும் ஒத்துப்போகும். செல்போனும் படப்புத்தகமும் ஆழியாறிலேயே பைக்குள் போகட்டும். மகன் மடியில் வேண்டாம். திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பின்னோக்கிய குழந்தை இருக்கைதான் அவனுக்குப் பாதுகாப்பு. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ சட்டப்படியும் கட்டாயம்.

40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறாதீர்கள். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது. இறங்கிப் பத்து நிமிடம் காற்றில் நிற்கவையுங்கள். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கார் வாசனைத் திரவியத்தை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

வெறும் வயிறும் கெடுதல், நிரம்பிய வயிறும் கெடுதல். மலை ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, கொஞ்சம் பொடி போதும். எண்ணெய் மிதக்கும் புளியோதரை தங்கும் இடத்துக்குப் போனபின் ஆகட்டும். தேங்காய்ச் சட்னி மே மாத வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். மகனுக்குக் காய்ச்சிய பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். வெதுவெதுப்பில் கிருமி பெருகும். வெந்நீரைத் தனியாகவும் பால்பவுடரைத் தனியாகவும் கொண்டுபோய் அவ்வப்போது கலந்து கொடுங்கள்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் எதுவும் வேண்டாம். பிறகு ஓஆர்எஸ் கரைசலை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். பெரிய பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் எடுத்துப்போவீர்கள். லேபிளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமா, 250-ஆ என்று பாருங்கள். மகனுக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம்: முதல் வகையில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. பாட்டில் மாறினால் இரட்டிப்பு மருந்து போய்விடும்.

சமதளத்தில் நின்று இரண்டு மணி நேரம் ஆகியும் வாந்தி தொடர்ந்தாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, கடும் தலைவலி இருந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ அது பயண வாந்தி அல்ல. அப்போது அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் போய்விடுங்கள்.